கடை வாங்காத புது நோட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அகிதாவில் பனி விட்டதா? டோக்கியோவில் நான் நலம்.

என் பிறந்தநாளுக்கு நீங்கள் பதிவுத் தபாலில் அனுப்பிய பத்தாயிரம் யென் புது நோட்டோடு, அலுவலகத் தோழி கசுமிக்குக் கேக் வாங்கித்தரப் போனேன்.

"நோட்டு வாங்கறதில்லைங்க, கார்டு மட்டும்தான்" என்றாள் கடைப்பெண்.

"எந்தக் காலத்துலடி இருக்கே, சயோரி? தள்ளு, நானே குடுக்கறேன்" என்று சிரித்தாள் கசுமி. அழைத்துப் போனவள் நான், கொடுத்தவள் அவள். எரிச்சலாக வந்தது.

கார்டு என்றாலே கடன் என்பீர்கள். அதற்காகவே இத்தனை நாள் வாங்காமல் இருந்தேன். இன்று விண்ணப்பித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முள்ளங்கி ஊறுகாய் தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். பணம் இனி வேண்டாம். இதுவரை வந்த உறைகளில் நோட்டைத் தவிர ஒரு வரிகூட இருந்ததில்லை அப்பா. அடுத்த உறையில் நாலு வரி எழுதி வையுங்கள்.

ரயிலுக்கு நேரமாகிறது.

சயோரி