மாமி மிளகாய் வறுத்த நாள்

மாமி,

ஈஸ்ட் ஹாமில் ஒரு கடையின் பின்புறம் இன்று யாரோ மிளகாய் வறுத்தார்கள். வாசலில் நின்ற சனம் இருமிக்கொண்டு விலகியது. நான் மரக்கறிப் பையோடு அப்படியே நின்றேன்.

"என்ன அண்ணை, சுகமில்லையோ?" என்று கடைக்காரர் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

உங்கள் மகள், என் மனைவி, போனபோது நான் அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை, தகனத்திலும் இல்லை. "பெடியன் தைரியமா நிக்கிறான்" என்றார்கள். தைரியம் ஒன்றுமில்லை. ஃபியூஸ் போய்விட்டது, அவ்வளவுதான். மின்சாரம் படித்த எனக்கே அது எங்கே போனதென்று தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு, டொரொண்டோவிலிருந்து வந்திருந்த உங்கள் மூத்த மகன் உங்களைக் கூட்டிப்போக டிக்கெட்டோடு நின்றார். மகள் இல்லாத வீட்டில் மருமகனோடு மாமியார் இருந்தால் ஊர் பேசுமாம்.

"ஊர் எங்கையடா இருக்கு? அரைவாசி உங்கை, அரைவாசி இஞ்சை. பேசுற சனம் போன் கார்ட் வாங்கித்தான் பேசவேணும், பேசட்டும். நான் இவரோடைதான் இருப்பன்" என்றீர்கள்.

அவர் தனியே டொரொண்டோ திரும்பிய மறுநாள், எங்கள் கிங்ஸ்பரி வீட்டில், தாச்சியை அடுப்பில் வைத்துவிட்டுக் கூப்பிட்டீர்கள்.

"தம்பி, அந்தக் கத்துற பெட்டியைக் கழட்டிவிடுங்கோ."

"புகை மணியைக் கழட்டக்கூடாது மாமி. யன்னலைத் திறந்துபோட்டு வறுங்கோ."

"குளிருது. எஞ்சினியருக்கு ஒரு மணியை நிப்பாட்ட ஏலாதோ?"

கதிரையில் ஏறிக் கழற்றினேன். கதவையும் சாத்தினீர்கள். மிளகாய் வெடித்துப் புகைந்து மூச்சு முட்டியது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது.

"இப்ப அழுங்கோ தம்பி. ஆர் கேட்டாலும் மிளகாய்ப் புகையெண்டு சொல்லுவம்."

கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீங்கள் அகப்பையை நிறுத்தாமல் கிளறிக்கிளறி அழுதீர்கள். பிறகு அதைப்பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. பாரிசிலிருக்கும் சின்ன மகனுக்கு அந்தத் தூளை அனுப்பும்போது மட்டும், "இந்தமுறை தூள் கொஞ்சம் கறுத்துப்போச்சு, பாத்துப் போட்டுச் சமை" என்று சொன்னீர்கள்.

எண்பதைத் தாண்டிய வாழ்க்கை. ஏழு பிள்ளைகளைப் பெற்று, ஒரு மகனைச் சண்டைக்கும் ஒரு மகளை நோய்க்கும் கொடுத்தீர்கள். எத்தனையோ தடவை வீட்டைப் பூட்டிவிட்டு இடம்பெயர்ந்து நடந்தீர்கள். நாலு நாட்டில் பேரப்பிள்ளைகள் பிறக்கையில் பிள்ளைப்பேறு பார்த்தீர்கள். ஞாயிறு மத்தியானம் எல்லோருடைய போனும் உங்களுக்குத்தான் வரும். ஒருவர் மற்றவரைத் திட்டுவார். காது கொடுத்துக் கேட்பீர்கள். திட்டை விழுங்கிவிட்டு, "உன்னைத்தான் விசாரிச்சவன்" என்று மற்றவரிடம் சொல்வீர்கள்.

போன மாதம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த கதிரையிலேயே நீங்களும் போய்விட்டீர்கள். பிள்ளைகள் வந்தார்கள், செய்யவேண்டியதைச் செய்தார்கள், அவரவர் நாட்டுக்குத் திரும்பினார்கள். மகளும் இல்லை, தாயும் இல்லை. இனி நான் இவர்களுக்கு யார்? வீட்டை விட்டுவிட்டு எங்காவது ஒரு அறைக்குப் போய்விடலாம் என்றிருந்தேன். பெட்டிகள்கூட வாங்கிவிட்டேன்.

போன ஞாயிறு போன் அடித்தது. டொரொண்டோவிலிருந்து மூத்த மச்சான்.

"அம்மா இருந்தா அம்மாட்டைச் சொல்லுவன்… சின்னவன் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறானில்லை. செத்தவீட்டிலையும் பாத்தனீர்தானே? பெரிய துரை அவர்."

கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் பாரிசிலிருந்து சின்ன மச்சான்.

"அத்தான், பெரியண்ணை என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"உம்மைத்தான் விசாரிச்சவர்" என்றேன். என் வாயிலிருந்துதான் அது வந்தது, மாமி. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்:

"வாற ஞாயிறும் எடுப்பன் அத்தான். வீட்டிலைதானே நிப்பீங்கள்?"

"ஓம். இஞ்சைதான் நிப்பன்."