ரவை ஓடிப்போகவில்லை

அம்மணி ஜெயசுதாவுக்கு, அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக் கோமளா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் முட்டிவலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் கவினும் அந்தக் கனடாக் குளிரில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும்.

சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு போட்ட வருஷம், கிரிக்கெட்டில் நம்ம ஆட்கள் உலகக் கோப்பை வாங்கிய வருஷம், நீ பிளஸ் டூ பரீட்சை எழுதிய வருஷம். அந்த வருஷத்து மாசி மாதத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன், மூன்று தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து வந்த கோமளாவுக்கு டீ போட்டுக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள், சனிக்கிழமை உங்கள் மால்டீஸ் நாய்க்குட்டி வீட்டுக்கு வருவதற்குள் நீ படித்தாக வேண்டும்.

போன ஞாயிறு நீ சந்தோஷமாகச் சொன்னாய், கார் துடைக்க என்று இங்கிருந்து கொண்டுபோன பனியன் வேஸ்ட் நூலைத் திணித்துக் குட்டிக்கு மெத்தை தைத்துவிட்டேன் என்று. அந்த மெத்தையை இன்றைக்கே தூக்கி வெளியே போடு. அம்மா வைத்திருந்த அந்த வெள்ளைப் பொமரேனியனுக்கு, நீ பேர் வைத்த ரவைக்கு, நானும் அதே மெத்தைதான் தைத்தேன். பனியன் துணிக்குச் சாயம் போட வழியில்லாததால் நிட்டிங் மெஷினும் நின்றுபோய் வேலையில்லாமல் வீட்டில் இருந்த நேரம் அது, நீ பரீட்சைக்காக ஸ்கூல் ஹாஸ்டலில் இருந்தாய். ரவை மெத்தையைக் கடித்துப் பிய்த்து நூலை விழுங்கியிருக்கிறது, நாங்கள் பார்க்கவில்லை. இரண்டு நாள் தின்னாமல் கக்கிக்கொண்டே கிடந்தது. மூன்றாம் நாள் பின்பக்கம் ஒரு நூல் நுனி தொங்கியது. நாற்பது வருஷம் மெஷின் ஓட்டியவன், நூல் நுனியைப் பார்த்தால் இந்தக் கை சும்மா இருக்காது, இழுத்துவிட்டேன். ஒரு முழம் வந்தது, அப்புறம் வரவில்லை, இன்னும் இழுத்தேன். ஒரே ஒரு சத்தம் போட்டது, அம்மணி. டெம்போக்காரச் சின்னான்தான் டாக்டரிடம் கொண்டுபோனான். நூல் குடலைச் சுற்றியிருந்தது, இழுத்ததில் குடலே அறுந்துபோச்சு, நுனியைத் தொடாமல் கொண்டாந்திருந்தால் காப்பாத்தியிருக்கலாமுங்க என்றார் டாக்டர். சின்னான் தோட்டத்து வேலியோரம் குழி வெட்டினோம்.

இந்த இடத்தில் கோமளா பேனாவை வைத்துவிட்டு, ஏனுங்க அப்பாரு, இதையெல்லாம் எழுதோணுமா, அக்கா அங்க தனியா உக்காந்து அழுவாங்கல்லங்க என்கிறாள். அழட்டும், நீ எழுது என்றேன். பரீட்சை நேரத்தில் சொல்ல வேண்டாம் என்று குன்னத்தூர் வேலாத்தாள் அத்தை வீட்டில் விட்டிருப்பதாகச் சொன்னோம். பரீட்சை முடிந்தும் சொல்ல வாய் வரவில்லை, அங்கிருந்து ஓடிப்போய்விட்டது என்றோம். நீ போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் குன்னத்தூர் சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் விசாரித்தாய், அத்தையும் உன்கூடவே நடந்தாள். இப்போது கவின் கேட்கிறான், அப்புச்சி, அம்மாவோட ரவை மாதிரி இதுவும் ஓடிப்போயிருமா, நான் கதவுகிட்டயே படுத்துக்கட்டுமா என்று. இந்தப் பொய் அவன் வரைக்கும் போக விடமாட்டேன்.

குட்டிக்கு ஓரம் மடித்துத் தைத்த கெட்டித் துண்டு ஒன்று போதும், அதுவும் பிய்ந்தால் மாற்று. கவினுடைய சாக்ஸ், உன் தலை ரப்பர், பலூன் கயிறு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது, தினமும் குனிந்து பார். ஒரு கிலோகூட இல்லாத ஜீவன், பசி தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை கொடு, சோபாவிலிருந்து குதிக்க விடாதே. எங்காவது நூல் நுனி தெரிந்தால் இழுக்காதே, வெட்டாதே, அப்படியே டாக்டரிடம் ஓடு. நாய் இல்லாத ஊட்டுக்காரரு நாய் வளக்கச் சொல்லித் தர்றாருங்கக்கா என்று கோமளா தன் பங்குக்கு எழுதிவிட்டுச் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

என்மேல் கோபம் வந்தால் பேசாமல் இரு, நியாயம்தான். ஆனால் மெத்தையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டேன் என்று கோமளா போனுக்கு ஒரு வார்த்தை அனுப்பு. கவினிடம் சொல், ரவை ஓடிப்போகவில்லை, நம்மை விட்டு ஓடுகிற நாய் இல்லை அது. நீங்களும் அந்தக் குட்டியும் நோய் நொடி அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும் சாமி.

இந்தப் பொய்யில் நாலு பேர் இருந்தோம். சின்னான் கொரோனாவில் போனான், உன் அம்மா அதற்கடுத்த தை மாதம் போனாள், அத்தை போன வைகாசியில். கோமளாவிடமிருந்து பேனாவை வாங்கிக்கொள்கிறேன், எனக்கு எழுதத் தெரிந்தது என் பேர் ஒன்றுதான். உயிரோடு மிச்சமிருக்கிறவன்,

மருதாசலம்