வெயிலில் கறுத்த செம்பருத்தி

அடியே, உன் செம்பருத்தி இன்று காலை என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது. கரண்ட் கம்பியில் உரசுகிறதென்று போன மாதம் நம் வேப்பமரத்தின் கிளைகளை வெட்டிப்போனார்கள். அன்று முதல் செடியின் தலையில் நேர் வெயில். காய்ந்துவிடுமோ என்று பயந்து பயந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இன்று பார்த்தால், புதிதாக விட்ட இலையெல்லாம் நீ ஆசைப்பட்ட அதே கருஞ்சிவப்பு.

ஆம்பூரிலிருந்து ரயிலேறிக் காட்பாடி நர்சரிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் மல்லிகைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். "பூ ஒரு நாள்ல வாடிடும்டி. இலைதான் நிக்கும். நம்ம ரெண்டு வீட்டு நடுவுல கறுப்பா ஒண்ணு இருந்தா வெள்ளைச் சுவருக்கு எடுப்பா இருக்கும்" என்று அதைக் கீழே வைக்கச் சொன்னாய். பிறகு கைப்பையிலிருந்து, நீ வேலை பார்த்த ஷூ கம்பெனியின் கருஞ்சிவப்புத் தோல் துண்டு ஒன்றை எடுத்தாய். இடது காலும் வலது காலும் ஒரே ஷேடா என்று பார்த்து நாளெல்லாம் பாஸ், ரிஜெக்டு சொல்கிறவள் அல்லவா, ஒவ்வொரு இலையோடும் அதை ஒட்டிவைத்துப் பார்த்தாய்.

"இன்னாக்கா, செடிக்கு ஷூ தைக்கப் போறீங்களா?" என்றார் நர்சரிக்காரர்.

நீ சிரிக்கவே இல்லை. "டியூப்லைட்டு பொய் சொல்லும். வெளியே கொண்டாங்க" என்று தொட்டியை வெளிச்சத்துக்கு இழுக்கவைத்தாய். அப்படித் தேறியதுதான் இந்தக் கறுப்பிலைச் செம்பருத்தி.

கேட்டருகே வைக்கலாம் என்றேன். நீ வேப்பமர நிழலைக் காட்டினாய். "வெயில்ல வெச்சா கலர் போய்டும். தோல் பாக்கறவ சொல்றேன், கேளு." நிறத்தைப் பற்றி உன்னிடம் யார் வாதாடுவது? தோலுக்கு நீ சொன்னது சரி. இந்த இலைக்கு வெயில் பட்டால்தான் நிறம் என்று நம் இருவருக்குமே தெரியவில்லை.

செடி கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையானது. நீயும் அப்போது வேலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தாய். கடைசியாக வீட்டுக்கு வந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு செடியருகே நின்றாய். தோல் துண்டை இலையோடு வைத்துப் பார்த்தாய்.

"ரிஜெக்டுடி. ஆசையா ஒரே ஒரு செடி எடுத்தேன், அதையும் தப்பா எடுத்துட்டேன்."

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ போனதைக்கூட ஒருவாறு தாங்கிக்கொண்டேன். தப்பாக எடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே போனாயே, அதுதான் இத்தனை நாளும் ஆறவில்லை.

வீட்டைக் காலி செய்யும்போது உன் மகள், "உங்களுக்கு அம்மாவோடது எது வேணும் ஆன்ட்டி?" என்றாள். அந்தத் தோல் துண்டைக் கேட்டேன். அது இப்போது என் கைப்பையில்தான் இருக்கிறது. எந்தச் செடியைக் கண்டாலும் எடுத்து ஒட்டிப் பார்க்கிறேன். பார்க்கிறவர்கள் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள்.

இன்று காலை அதைப் புது இலையோடு சேர்த்துப் பிடித்தேன், நல்ல வெளிச்சத்தில். உன் கண் எனக்கு இல்லை. அதனால் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு, உன் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி, சத்தமாகவே சொன்னேன்:

"பாஸ்டி. நீ எடுத்தது பாஸ்."