அப்படியே சொன்னேன்

மார்ச் 4
அண்ணன் தவறிப்போனபிறகு இன்றுதான் வேலைக்குப் போனேன். அங்கே யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதே பள்ளிக்கூட ஹால், அதே கூட்டம். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே முற்றத்துக்காரர்கள்; அதன் இரண்டு பக்கமும் குடியிருப்புகள். ஒன்றில் பழைய ஆட்கள். பேசுவது ஊர் மொழி. எதிரே புதிதாக வந்தவர்கள். பேசுவது என் மொழி. முற்றத்து கேட்டைப் பழைய ஆட்கள் சாயங்காலமே பூட்டிவிடுகிறார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் தெருவையே சுற்றி வரவேண்டும். இவர்களை உட்காரவைத்துப் பேசவைப்பது மாநகராட்சியின் நல்லிணக்கத் திட்டம். ஆராய்ச்சிக்காரம்மா எல்லாவற்றையும் பதிவு செய்கிறார். அதை வைத்துத்தான் மற்ற வட்டாரங்களுக்கும் கொள்கை எழுதப்போகிறார்களாம். நான் மொழிபெயர்ப்பாளர்.

பழைய ஆட்களில் ஒருவர், ரிட்டயரான பஸ் டிரைவர், கத்தினார்: “இவங்க கால் வச்ச அன்னைக்கே இந்த இடம் உருப்படாமப் போச்சு.”

நான் எதிர்ப்பக்கம் திரும்பி, “மாற்றம் அவருக்குக் கவலையா இருக்காம்” என்றேன். திட்ட அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார். காரத்தைக் குறைத்துப் பரிமாறத்தானே சம்பளம்.

மார்ச் 9
அண்ணி போன் செய்தார். எடுக்கவில்லை.

மார்ச் 11
அழுகை வரவில்லை. துணி துவைத்தேன்.

மார்ச் 18
இன்று பூசி மெழுக வரவில்லை. கோபமெல்லாம் இல்லை. தெம்பு இல்லை, அவ்வளவுதான். டிரைவர், “இதுங்க எங்களோட ஒட்டவே ஒட்டாதுங்க” என்றார். அப்படியே சொன்னேன்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு தையல்கார அம்மா எழுந்தார். பேசுகிறவர் “நான்” என்றால் நானும் “நான்” என்றே சொல்லவேண்டும், அதுதான் எங்கள் தொழிலில் முறை. அவர் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன்:

“என் வீட்டுல சாவு விழுந்துச்சு. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. என்ன ஆச்சுன்னுகூட யாரும் கேக்கல.”

கடைசியில் என் குரல் உடைந்துவிட்டது. ஐயோ, இது யார் பேசுறது?

டிரைவர் தடுமாறினார். “எங்களுக்கு யாரும்மா சொன்னா?”

“கேட்டைப் பூட்டிட்டு உக்காந்திருந்தா எங்கே வந்து சொல்றது?”

அப்புறம் ஒரே கூச்சல். இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்ததும் அதிகாரி, “இப்படிப் பத்த வச்சிட்டீங்களேம்மா! இனிமே வரவேண்டாம்.”

சரி என்றேன்.

மார்ச் 19
ஒன்றும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 27
ஆராய்ச்சிக்காரம்மா கூப்பிட்டார். “இத்தனை கூட்டம் நடத்தியும் பதிவுல ஒண்ணுமே இல்லைங்க. அன்னைக்குத்தான் நிஜமாப் பேசியிருக்காங்க. இனிமே எல்லா இடத்துலயும் சொன்னதை அப்படியே மொழிபெயர்க்கணும்னு கொள்கையிலயே எழுதச் சொல்லிட்டேன். அதிகாரி முணுமுணுத்தாரு, ஒத்துக்கிட்டாரு. வர்றீங்களா?”

பிறகு தயங்கி, “அன்னைக்குக் குரல் ஒரு மாதிரி... உங்க வீட்டுலயும் ஏதாவது?”

“அண்ணன்.”

ஒரு வார்த்தைதான். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது.

அண்ணிக்குப் போன் செய்தேன். இருவருமே ரொம்ப நேரம் வைக்கவில்லை.

ஏப்ரல் 8
கூட்டம். பத்து மணிவரை கேட்டைத் திறந்து வைக்கலாம் என்று டிரைவர் இறங்கி வந்தார். பத்தாது என்றார் தையல்கார அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் இருவரும் தெரிந்த நாலு வார்த்தையிலும் கையாட்டலிலும் நேரடியாக மல்லுக்கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு வேலையில்லை. மேஜையில் இருந்த டீயை எடுத்துக் குடித்தேன். நாக்கைச் சுட்டது. நன்றாகவே சுட்டது.