அம்புக்குறி இல்லாத படம்

மச்சான்,

இன்று காலை பார்சலைப் பிரித்ததும் வழவழத் தாளின் மை வாசனை மூக்கில் ஏறியது. கை தானாக மேசை இழுப்பறைக்குள் போய் பிளாஸ்திரிச் சுருளைத் தேடியது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. சுருள் ஓரமெல்லாம் பழுப்பேறி அங்கேயேதான் கிடக்கிறது.

இம்முறையும் ரேடியாலஜி புத்தகம்தான். எங்கள் மருத்துவக் கல்லூரி நூலகத்துக்கு வாங்கலாமா, வேண்டாமா என்று நான் எழுதித் தரவேண்டும். இந்த வேலை என் தலையில் விழுந்த நாளிலேயே பாதியை உன் தலையில் கட்டிவிட்டேன். நான் சிதம்பரத்தில் மாணவர்களோடு மல்லுக்கட்டுகிறவன். நீ மஞ்சக்குப்பத்தில் ஸ்கேன் சென்டர் வைத்துப் பொழுதெல்லாம் ரிப்போர்ட் எழுதியவன். படிக்கிறவர்களுக்கு ஆகுமா என்று நான் பார்ப்பேன். தொழில் செய்கிற டாக்டருக்கு ஆகுமா என்று நீ பார்ப்பாய். சனிக்கிழமை மதியம் புத்தகத்தைச் சுமந்துகொண்டு கடலூர் பஸ் ஏறுவேன்.

உன் பரிசோதனை ஊரில் இல்லாத பரிசோதனை. எழுதியவர் யார், எத்தனையாவது பதிப்பு, எதையும் பார்க்கமாட்டாய். பிளாஸ்திரியைத் துண்டு துண்டாகக் கிழித்து, நோய் இங்கே இருக்கிறது என்று காட்டும் அம்புக்குறிகளின் மேல் ஒட்டுவாய். படத்துக்குக் கீழே இருக்கும் விளக்கத்தையும் விடமாட்டாய். "இப்ப சொல்லு, இன்னா தெரியுது?" என்பாய். நான் முழித்தால் அது என் தப்பில்லை, புத்தகத்தின் தப்பு. "படம் தானா பேசணும் மச்சான். பேஷண்டு நெஞ்சுல அம்பு போட்டுக்கினா வர்றாரு?" அப்படி ஒட்டிய புத்தகங்களைத் திரும்பக் கொண்டுபோனால் எங்கள் நூலகர் தலையில் அடித்துக்கொள்வார். "இது புஸ்தகமா சார், ஆக்சிடெண்ட் கேஸா?"

படத்தைக் கத்தரித்துப் போட்டிருந்தால் உனக்குக் கெட்ட கோபம் வரும். "நோவை மட்டும் வெட்டிப் போட்டு வெச்சிருக்கானுங்க பாரு. முழு ஆளு எங்க? மொதல்ல நாலு மூலையப் பாக்கணும், அப்புறம்தான் நடுவுல இருக்கறதப் பாக்கணும்." கல்லூரிக் காலத்திலிருந்து இதே பாட்டு. எனக்குச் சலித்துப் போயிருந்தது, உண்மையைச் சொன்னால்.

கடைசிச் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? உனக்கு எப்படி இருக்கும். எனக்குத்தான் இருக்கிறது. வழக்கம்போல உன் சென்டருக்கு வந்த ஒரு எக்ஸ்ரேயை, பெயரை மறைத்து, விளக்குப் பெட்டியில் மாட்டச் சொன்னாய். உயரத்தில் மாட்டுவதெல்லாம் எப்போதும் என் வேலை. உன் இடது கை தோளுக்கு மேல் சரியாக ஏறாது. "இந்தக் கேஸுக்கு புக்குல வழி இருக்கான்னு பாரு" என்றாய்.

நான் பார்த்தேன். வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு கட்டி, முள்முள்ளாக. பக்கத்து விலா எலும்பையும் அரித்திருந்தது. "இதுக்கு புக்கு எதுக்குடா? ரொம்ப லேட்டா வந்திருக்காரு, பாவம்" என்று சொல்லிக்கொண்டே, சலித்துப்போன அந்தப் பழக்கத்தால், மூலைகளைப் பார்த்தேன். இடப்பக்கம், கழுத்துக்குக் கீழே, காறை எலும்பு உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது.

அந்தக் கோணல் எனக்குத் தெரியும். மஞ்சக்குப்பம் மைதானத்தில் பின்னால் ஓடிப் பந்தைப் பிடித்து, தோள் அடிபட விழுந்தாயே, அது. கட்டு போட்ட டாக்டர் சொன்ன கெடு முடியும் முன்பே, அரிக்கிறது என்று அவிழ்த்து எறிந்தவன் நீ. வலியோடு வலியாக, "கேட்ச் பிடிச்சேனா இல்லியா, அத்த சொல்லு" என்று கத்தியவன்.

நான் திரும்பவில்லை. உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. நீதான் பேசினாய்.

"வாயால சொல்ல வர்ல மச்சான். நீ மூலையப் பாப்பேன்னு தெரியும்."

அதற்குப் பிறகு, அடப்பாவி, "சரி, புக்கு பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டாய். நான் அழுதேன். நீ டீ சொல்லியனுப்பினாய். எனக்கு உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. நாள் முழுக்க அடுத்தவர் நெஞ்சைப் பார்த்தவன், உன் இருமலுக்கு மட்டும் மஞ்சள் போட்ட பால் குடித்துக்கொண்டிருந்தாய். அடுத்த மழை வருவதற்குள் செம்மண்டலத்தில் உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள்.

அந்த எக்ஸ்ரே என்னிடம்தான் இருக்கிறது. பாடம் நடத்த வைத்துக்கொள் என்று நீயே கொடுத்தது. இன்று மதியம் முதல்முறையாக அதை மாணவர்கள் முன் மாட்டினேன். காலையிலேயே புதுப் புத்தகத்தின் நுரையீரல் பக்கங்களைப் புரட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் கட்டியைச் சொல்லிவிட்டார்கள், நோயின் பெயரோடு. கெட்டிக்காரப் பிள்ளைகள்.

"வேற?" என்றேன். மறுபடியும் கட்டியையே காட்டினார்கள்.

"மூலையப் பாருங்க."

குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் ஒரு பெண் கிட்டே வந்து பார்த்தாள். "காலர் போன் ஒடஞ்சி கோணலா சேந்திருக்கு சார். பழசு. ஆனா அது முக்கியமில்லியே சார்?"

"அவர் கேட்ச் பிடிச்சாரும்மா" என்றேன். அவளுக்கு என்ன புரிந்திருக்கும்? படத்தைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

புத்தகத்தில் படங்கள் தெளிவாகத்தான் இருக்கின்றன. உன் பிளாஸ்திரிக்கும் தாங்கின. ஆனால் அத்தனையும் கத்தரித்தவை. தொழில் செய்கிற டாக்டர்கள் அவசரத்துக்குப் புரட்ட வைத்துக்கொள்ளலாம், படிக்கிற பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்குச் சம்மதம்தானே?

என்னிடம் மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். எவருடைய எக்ஸ்ரேயைக் கையில் எடுத்தாலும் கண் முதலில் இடது காறை எலும்புக்குப் போகிறது. அது நேராக இருக்கிறது, இது நீ இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான், மச்சான், நோயைத் தேடவே மனசு வருகிறது.