கம்பி போட்ட சேர்

பங்காளி,

இன்று காலை விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள், மூவேந்தரும் எனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பது போன்ற நடையில் நுழைந்து, கண்ணில் பட்ட நீலச் சேரில் அமர்ந்தேன். அமர்ந்ததுமே முதுகில் ஒரு கிள்ளு. துள்ளி எழுந்து பார்த்தால், உடைந்த முதுகுப் பலகையைக் கட்டுக்கம்பியால் நீ தைத்த தையல். பின்னால் வெள்ளை பெயின்ட்டில் உன் கடையின் பெயர், பாதி அழிந்திருந்தது. போன பிறகும் என்னைக் கிள்ளுவதை நீ விடவில்லை.

திண்டிவனத்தில் நீ பந்தல் கான்ட்ராக்டர். உன் சேரில் உட்காராத உடம்பு இந்த மாவட்டத்திலேயே கிடையாது. மைக் டெஸ்ட் பண்ண நீ ‘ஹலோ’ சொன்னால் மயிலம் மலையில் இருக்கும் மயில்கள் ‘யாருங்க’ என்று கேட்கும். அப்படிப்பட்ட நீ, ஒரு காலத்தில் கல்யாணப் பந்தலிலும் சாவுப் பந்தலிலும் ஒரே மாதிரி மல்லாந்து கிடந்தவன்தான். எனக்கு மோர் குடித்தாலே தலை சுற்றும் என்பதால் உன்னைத் தூக்கி லோடு வண்டியில் போடும் திருப்பணி எனக்கு வாய்த்தது. உன் எடைக்கு அது தேர் இழுப்பதற்குச் சமம்.

பிறகு நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய். குடியை நிறுத்தினாய். அது பெரிய காரியம்தான். ஆனால் என்னை அசர வைத்தது அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் டீக்கடையில் நீ செய்தது. சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து எல்லோருக்கும் தெரிய வாயில் போட்டாய்.

“இன்னாண்ணே, சுகரா?” என்றார் ஒருவர்.

“இல்லப்பா. மனசு சரியில்ல. அதுக்குத்தான் டாக்டர பாத்துகினு இருக்கேன்.”

அவர் மெல்லக் கேட்டார்: “அப்படின்னா... பைத்தியமாண்ணே?”

“உனக்கு சுகரு, எனக்கு மனசு. நீ உன் மாத்திரய போடு, நான் என் மாத்திரய போடறேன். ஆளுக்கொரு டீ சொல்லு.”

அவ்வளவுதான். பேனர் இல்லை, பொன்னாடை இல்லை. உலக வரலாற்றிலேயே மிகச் சிறிய விழிப்புணர்வுக் கூட்டம் அதுதான் என்று இன்றும் சாதிப்பேன். மறுவாரமே அந்தச் சுகர்க்காரர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எம் பொண்ணு சரியா தூங்கறதில்லண்ணே, அந்த டாக்டரு எங்க இருக்காரு?” என்று கேட்டாரே!

என் அக்கா மகன் பாபுவின் கதைக்கு வருகிறேன். டிப்பர் லாரி ஓட்டியவன். குடியால் வேலை போனது. ஒலக்கூர் பக்கம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிய பெண்டாட்டியிடம்கூடப் பேசாமல் கிடந்தான். அவன் மாமன் என்ற உரிமையில் நான் போய் ஆற்றிய உரை அபாரமானது. எதிர் வீட்டு ஆடுகள்கூடக் கண் கலங்கின. கதவு மட்டும் திறக்கவில்லை.

மறுநாள் நீ இரண்டு சேரோடு வந்தாய். அவன் வாசலில் எதிரெதிரே போட்டாய். கம்பி போட்டதில் நீ உட்கார்ந்தாய். நல்லதைக் காலியாக விட்டாய். மடியிலிருந்து வறுத்த வேர்க்கடலையை, நம் ஊர் மல்லாட்டையை, எடுத்து உரித்துத் தின்ன ஆரம்பித்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. கடைசியில் கதவு படாரென்று திறந்தது.

“இன்னா மாமா, வாசல் முழுக்க தோலு! யாரு பெருக்கறது?”

“நீதான். மொதல்ல குந்து.”

குந்தினான். குனிந்து தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பிறகு, “தூக்கமே வரல மாமா. செத்துடலாம்னு இருக்குது” என்றான். பக்கத்தில் நின்ற நான் “டேய்!” என்று அதட்டினேன். நீ மட்டும் அதட்டவில்லை, அழவில்லை. “சொன்னியே, அது போதும். காலைல நானும் வர்றேன், ஆஸ்பத்திரிக்கு. அதுவரைக்கும் உன்ன தனியா விட மாட்டேன். நீயா திடீர்னு குடிய நிறுத்திக்காத, உடம்பு உதறும். டாக்டரு சொல்றபடி செய்யலாம்” என்றாய். விடிந்ததும் உன் லோடு வண்டியில், சேர்களுக்கு நடுவே அவனை ராஜாபோல உட்காரவைத்துக் கூட்டிப்போனோம். அவன் தேறி வந்தபின் உன்னிடமே வேலைக்குச் சேர்ந்தான். தெருவில் எந்த வீட்டில் யார் கதவைச் சாத்திக்கொண்டு அடங்கிப்போனாலும் வாசலில் உங்கள் இரண்டு சேர் முளைக்கும். பிள்ளைகள் உனக்குச் சேர் மாமா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

உனக்கு ஒரே ஒரு பேராசை இருந்தது. “பங்காளி, என் சாவுல ஒரு பாட்டிலு தொறக்கக் கூடாது. தொறந்தீங்கன்னா எழுந்து குந்திக்குவேன்.”

“எழுந்து குந்தறதுக்கு சேர் யாருடா போடுவா?” என்று கேட்டேன். சிரித்தாய்.

சொல்லிவைத்தது போல, ஒரு மத்தியானம் பந்தலுக்குக் கீழேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை.

உனக்குத் தெரியாதது அன்றைக்கு நடந்ததுதான். உன் சாவுக்கு உன் சேரே போட்டோம். பூப்பல்லக்குக் கட்ட வந்தவர்களுக்குத் தலைவர் நம் ஏழுமலை. “சரக்கு இல்லாம எந்த சாவுய்யா நடந்துச்சு? ஊரு சிரிக்கும். பேஜாரு பண்ணாதீங்க” என்று என்னிடம் சண்டை. அடுக்கிய சேர்களுக்குப் பின்னால் அதற்குள் பாட்டில் திறந்தாகிவிட்டது. உன் கால்மாட்டில் அழுதுகொண்டிருந்த பாபுவின் முன்னால் ஏழுமலை ஒரு கிளாஸை நீட்டினார்.

“சேர் மாமாவுக்காக ஒரே வாய் ஊத்திக்கடா. அவருக்கு பண்ற மரியாத.”

பாபுவின் கை பாதி தூரம் போய்விட்டது, பங்காளி. நான் பார்த்தேன். அந்த ஒரு வாய் உள்ளே போனால் அவன் மறுபடி எந்தக் கதவுக்குள் போய்க் கிடப்பான் என்பதும் எனக்குத் தெரிந்தது. பதினெட்டுப் பட்டிக்கும் உரையாற்றிய நான், உரையை விட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேருமுன் அவனே கையை இழுத்துக்கொண்டான். எழுந்துபோய் இரண்டு சேரை எடுத்துவந்தான். ஒன்றை ஏழுமலைக்கு எதிரே போட்டான். கம்பி போட்டதைத் தனக்கு.

“அண்ணே, குந்து. அந்த கிளாஸ கீழ வெச்சிட்டு எங்கூட கொஞ்ச நேரம் பேசு. இல்லன்னா நான் குடிச்சிடுவேன்.”

ஏழுமலை தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கிளாஸைச் சேருக்கடியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த முரட்டு மனிதர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, “எங்க வீட்டு வாசல்லயும் ஒரு நாளு சேர் போடுவாருன்னு பாத்துகினே இருந்தேன்டா. போடாமலே போயிட்டாரே” என்று விம்மினார். பக்கத்தில் ஒருவர் சேரை இழுத்துப் போட்டார். இன்னொருவர். பல்லக்கு கிளம்ப நேரமாகிறது என்று பெரியவர்கள் திட்டத் திட்ட, உன் கால்மாட்டில் சேர்கள் வட்டமாகிக்கொண்டே போயின.

பொய் சொல்ல மாட்டேன். நாலைந்து பேர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் ஊற்றிக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் உன் பந்தலுக்குள் இல்லை. உன் முன்னால் ஆடியவர்கள் தெளிவாக ஆடினார்கள். அதனால்தான் எனக்குத் தாளமே வராது என்ற பல்லாண்டு ரகசியம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த அவமானத்துக்கு நீதான் பொறுப்பு.

இப்போது பந்தல் தொழிலைப் பாபு பார்க்கிறான். ஏழுமலை மாதாமாதம் அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். நடுவில் ஒரு முறை மறுபடி குடித்துவிட்டார்; மறுநாள் விடிந்ததும் அவர் வாசலில் சேர் இருந்தது.

இன்றைய மண்டபத்துக்கு லோடு கொண்டுவந்ததும் பாபுதான். கம்பிச் சேரை எடுத்து ஓரமாக வைக்கப் போனவனை நிறுத்தினேன். கல்யாணப் பெண்ணின் தகப்பனார் மூலையில் ஒரு தூணுக்குப் பின்னால் தனியாக நின்றிருந்தார். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் அவர் முகம் மட்டும் எங்கேயோ இருந்தது. கம்பிச் சேரையும் ஒரு நல்ல சேரையும் தூக்கிக்கொண்டு போனேன். நல்லதை அவருக்குப் போட்டேன். “பேச வேணாங்க, சும்மா குந்துங்க” என்றேன். பாபு ஒன்றும் கேட்காமல் ஒரு கை மல்லாட்டையைக் கொண்டுவந்து என் மடியில் கொட்டிவிட்டுப் போனான். சபையை வாயால் வென்ற நான், வாயை மூடிக்கொண்டு உரித்தேன். உலகத்திலேயே கடினமான வேலை அது.

முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்தி உட்காரும்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

“அந்த சேரு உங்க முதுக குத்துதுங்களா? நெளிஞ்சிகினே இருக்கீங்களே.”

“குத்துதுங்க.”

“எனக்கும்தான் ரொம்ப நாளா உள்ள இன்னாவோ குத்திகினே இருக்குது” என்றார். பேச ஆரம்பித்தார்.

சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உன் கம்பியின் தடம் முதுகில் சிவப்பாக இருக்கிறது, பங்காளி. நாளைக்கும் அவர் வீட்டுக்கு அதே சேரைத்தான் எடுத்துப் போகிறேன்.