மூடிக்கொண்ட புழுத்துளை

அன்புள்ள அப்பாவுக்கு, வார்சாவிலிருந்து யோகலட்சுமி. மூட்டுவலி பரவாயில்லையா? இடைசெவலில் மழை விழுந்து உளுந்து விதைத்தாயிற்றா? நான் நலம்.

போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று எழுதுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. வானத்தில் எத்தனை தூரத்தையும் நொடியில் கடக்கவிடும் புழுத்துளை பற்றித்தானே ஆராய்ச்சி செய்கிறேன். நமக்குத் தெரிந்த ஈர்ப்பு விதிப்படி அது திறந்து நிற்க, யாரும் கண்டிராத ஒரு பொருள் வேண்டும். விதியைச் சற்று மாற்றினால் அந்தப் பொருள் இல்லாமலே நிற்கும் என்று மூன்று வருடமாகக் கணக்கிட்டு வந்தேன். போன செவ்வாயன்று கணக்கில் சோதித்தபோது, லேசாக அசைந்ததுமே துளை மூடிக்கொண்டது. பேராசிரியர், “இதுவும் ஒரு முடிவுதான், எழுதிவிடு” என்றார். சரி என்று சிரித்துவிட்டு வந்தேன்.

அறைக்கு நடந்து வரும்போது, இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவள் இறந்து பத்து மாதமாகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, “ஏட்டி, அந்தத் தொளை வழியா ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்” என்று போனில் கேட்டாளே. “வாரேம்மா, கணக்கு முடியட்டும்” என்றேன். விளையாட்டுக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு விமானம் மாறி வந்து சேர்ந்தபோது, தம்பி செல்வகணேஷ் மொட்டைத் தலையோடு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றான்.

ஆய்வேட்டைத் திருத்தி எழுத வேண்டும். அம்மா தெவசத்துக்கு வர இயலாது. இட்லிப்பொடி அனுப்ப வேண்டாம், இருக்கிறது. அம்மாவின் நம்பருக்கு மட்டும் தம்பியை ரீசார்ஜ் செய்து வைக்கச் சொல்லுங்கள். அவ்வப்போது கூப்பிட்டுப் பார்ப்பேன். மணி அடித்தால் போதும், யாரும் எடுக்க வேண்டாம். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
யோகலட்சுமி